டீ கொட்டினாலும் ஊறாத அறிக்கை

இங்கிலாந்தில் பிராட்டன்ஷா என்கிற ஊரில் மழை பெய்வது ஒரு செய்தியே அல்ல. பெய்யாவிட்டால்தான் ஆளாளுக்கு வாசலில் நின்று வானத்தைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பெய்கிற மழை கூரையிலிருந்து குழாய் வழியாக இறங்கிச் சாக்கடைக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆல்மா தெரு பதினான்காம் எண் மாடி வீட்டில் மட்டும் அக்டோபர் முதல் வாரத்திலிருந்து அது பாதி வழியில் மனம் மாறிச் சுவருக்குள் போக ஆரம்பித்தது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. குழாயின் இரண்டு துண்டுகளைச் சேர்க்கிற ஒரு சாண் இணைப்பு வெடித்துவிட்டது. கடையில் பதினொரு பவுண்டு. ஏணியும் அரை மணி நேரமும் இருந்தால் மாற்றிவிடலாம். இந்த அரை மணி நேர வேலையை வீட்டுக்குச் சொந்தக்காரரான சங்கம் எப்படி நான்கு மாதம் கௌரவமாகச் செய்யாமலிருந்தது, அதற்கு எப்படிப் பரிசும் கொடுத்துக்கொண்டது என்பதுதான் கதை.

அந்த வீட்டில் லென் ஹார்டேக்கரும் அவர் மனைவி மேவிஸும் குடியிருந்தார்கள். லென் முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நேர அட்டவணையை வேதமாக நம்புகிற ஜாதி. மேவிஸ் கம்பளத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் தூசியைக் குடித்து நுரையீரலைத் தொலைத்தவள். "ஈர அறையில் படுக்கவே கூடாது. இன்னொரு தடவை நெஞ்சில் சளி கட்டினால் தாங்காது" என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனால் படுக்கையறைச் சுவரிலோ கறுப்புப் பூஞ்சை நாளுக்கொரு கை நீளம் படர்ந்துகொண்டிருந்தது. அதனால் மேவிஸ் முன்னறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். லென் அவள் பக்கத்தில் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு படுத்தார். கால்களை நீட்டிப் படுப்பது எப்படி என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு வீட்டுச் சங்கம். ஏழை பாழைகளுக்கு நியாயமான வாடகையில் வீடு கொடுக்க நல்ல மனிதர்கள் நாலு பேர் சேர்ந்து எப்போதோ தொடங்கியது. பிராட்டன்ஷா வீட்டுச் சங்கம் என்று பெயர். இரண்டு வருடம் முன்பு அந்தப் பெயர் எல்லாருக்கும் புரிந்து தொலைக்கிறது என்பதால், வெளியிலிருந்து நிபுணர்களை வரவழைத்து, எட்டு மாதம் யோசித்து, "எவரிந்தா" என்று மாற்றினார்கள். மேவிஸ் முதலில் அதை மூட்டுவலி மாத்திரை என்று நினைத்து டாக்டரிடம் கேட்டாள்.

லென் தொலைபேசியில் கூப்பிட்டார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மதிப்புள்ளது" என்று ஒரு குரல் சொல்லிவிட்டு, அந்த மதிப்பு எவ்வளவு என்று காட்டுவதற்காக நாற்பது நிமிடம் புல்லாங்குழல் வாசித்தது. பிறகு ஒரு பெண் வந்தாள்.

"எவரிந்தா, கெய்லி பேசறேன். சொல்லுங்க."

"அம்மா, வெளியில மழைத்தண்ணிக் குழாய் உடைஞ்சிருக்கு. தண்ணி எங்க படுக்கையறைச் சுவத்துல இறங்குது."

"சுவர் உள்ள இருக்கா சார், வெளிய இருக்கா?"

லென் யோசித்தார். "சுவர்னா ரெண்டு பக்கமும் இருக்குமேம்மா."

"நான் ஒண்ணுதான் அமுக்க முடியும்."

"சரி, உள்ளேன்னு போட்டுக்க."

அந்த ஒரு சொல்லில் போயிற்று எல்லாம். உள்ளே என்றால் ஈரப் பிரிவு, வெளியே என்றால் கூரைப் பிரிவு. ஒருமுறை அமுக்கிவிட்டால் அந்தப் பிரமனே வந்தாலும் மாற்ற முடியாது. மனுப் போட்டால் மாற்றலாமாம். ஆனால் அந்த மனு மாற்றல் பிரிவுக்குப் போகுமாம். அந்தப் பிரிவைப் போன ஏப்ரலில் சிக்கனத்துக்காக மூடிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஈரப் பிரிவிலிருந்து பிராட்பென்ட் என்று ஒரு சோதனையாளர் வந்தார். நல்ல மனிதர்தான் பாவம், யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டார். கையடக்கக் கருவியொன்றைச் சுவரில் வைத்தார். கருவி அலறியது.

"சுவர் ஈரமா இருக்கு" என்று அறிவித்தார்.

"அது எங்களுக்கே தெரியும்ங்க. இப்படி ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க, உடைஞ்ச குழாய் கண்ணுக்கு நேரா தெரியும்" என்றார் லென்.

பிராட்பென்ட் சட்டென்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "வேணாம் சார். பார்த்தா எழுதணும். எழுதினா அது கூரைப் பிரிவு வேலை, என் கையை விட்டுப் போயிடும். பார்க்காம இருக்கறதுதான் நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது." பிறகு கையிலிருந்த கணினிப் பொறியைத் திறந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். "வீட்ல எத்தனை பேர் மூச்சு விடறீங்க?"

"ரெண்டு பேர்" என்றார் லென்.

"தினமுமா?"

லென் மேவிஸைப் பார்த்தார். மேவிஸ் லென்னைப் பார்த்தாள். "பெரும்பாலும்" என்றாள்.

பிராட்பென்ட் அதைக் குறித்துக்கொண்டு ஒரு வண்ணத்தாளை நீட்டினார். 'வீட்டில் ஈரம்: உங்கள் பங்கு' என்று தலைப்பு. சிரிக்கிற குடும்பம் ஒன்று ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் ஓர் இரவு முழுக்க மூச்சு விட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றில் சேர்கிறது என்று அதில் எழுதியிருந்தது.

மேவிஸ் அதைப் படித்துவிட்டு, மூச்சை இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்துக் கேட்டாள்: "எனக்கு வர்றதே அரை மூச்சு. அதையும் குறைச்சுக்கணுமா?"

"ஐயோ, நிறுத்தச் சொல்லலைம்மா" என்று பதறினார் பிராட்பென்ட். "விடுங்க, தாராளமா விடுங்க. ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு விடுங்க, அவ்வளவுதான்."

அப்போது நவம்பர். வெளியே பனியோடு சேர்ந்து மழை அடித்துக்கொண்டிருந்தது.

கீழ் வீட்டு ஜாவித் ஜன்னல் துடைக்கிற தொழில்காரர். நாள் முழுக்க ஏணி மேல் இருப்பவர். அன்று மாலை வாசலில் லென்னைப் பார்த்து, "அங்கிள், நீங்க 'ம்'னு சொல்லுங்க. நான் ஏறி அஞ்சு நிமிஷத்துல மாத்திட்டு வந்துடறேன்" என்றார்.

"வேணாம் ஜாவித். குத்தகைத் தாள்ல எழுதியிருக்கு, நாமளா எதையும் தொடக் கூடாதுன்னு. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"முறை இருக்கு அங்கிள். குழாய்தான் இல்ல" என்று சொல்லிவிட்டு ஜாவித் போய்விட்டார்.

லென் முறைப்படி ஒரு புகார் எழுதினார். வாழ்க்கையில் முதல் புகார். அழகான கையெழுத்தில் இரண்டு பக்கம். பத்து நாளில் பதில் வந்தது. அவர் புகாரைப் படித்துச் சங்கம் நெகிழ்ந்துவிட்டதாம். இப்படி அக்கறையுள்ள குடியிருப்பாளரைத்தான் தேடிக்கொண்டிருந்ததாம். அவரைக் 'காசுக்கேற்ற மதிப்புக் குழு'வின் உறுப்பினராக நியமித்திருக்கிறார்களாம். கூட்டம் செவ்வாய்க்கிழமைதோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு. குழாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"போயிட்டு வா லென்" என்றாள் மேவிஸ். "நேர்ல சொன்னா கேப்பாங்க."

தலைமை அலுவலகம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே போனால் அப்படியொரு கதகதப்பு. லென் கோட்டைக் கழற்றினார், ஸ்வெட்டரைக் கழற்றினார், அதற்கு மேல் கழற்றினால் மரியாதையாக இருக்காது என்று நிறுத்திக்கொண்டார். மேசை நிறைய சாண்ட்விச், பழம், மூன்று வகை பிஸ்கட். அவரைப் போல இன்னும் ஐந்து குடியிருப்பாளர்கள் ஆளுக்கொரு சிவந்த முகத்துடன் உட்கார்ந்திருந்தார்கள். மதிப்பு இயக்குநர் பிலிப்பா கிரெஸ்வெல் வந்தார். சொத்தைப் பல் ஒன்றுகூட இல்லாத அகலமான சிரிப்பு.

"இங்க இயக்குநர், குடியிருப்பாளர்னு வித்தியாசமே கிடையாது. எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கணும். நான் பிலிப்பா. நீங்க?"

"லென் ஹார்டேக்கர். பதினாலு, ஆல்மா தெரு. எங்க வீட்டு மழைக் குழாய்…"

"அருமை லென்! ஆனா இந்தக் குழுவுல தனிப்பட்ட வீட்டு விஷயம் பேசறதில்ல. பேசினா மத்தவங்களுக்கும் அவங்கவங்க வீடு ஞாபகம் வந்துடும்." ஒரு மஞ்சள் துண்டுத்தாளில் 'லென் – குழாய்' என்று எழுதிச் சுவரோரப் பலகையில் ஒட்டினார். பலகையின் தலைப்பு 'பின்னால் பார்ப்போம்'. அதில் ஏற்கெனவே நாற்பது, ஐம்பது துண்டுகள் இருந்தன. பழையவை பசை காய்ந்து கீழே உதிர்ந்து கிடந்தன. கூட்டுகிற அம்மாள் வந்து அவற்றை வாரிக்கொண்டு போனாள்.

பிறகு பிலிப்பா எழுந்து பேசினார்.

"நண்பர்களே, மதிப்புன்னா என்ன? இதைத்தான் நான் காலைல பல் தேய்க்கும்போதுகூட யோசிக்கிறேன். போன வருஷம் ஒரு ரிப்பேர் முடிக்க நமக்கு சராசரியா இருபத்தாறு நாள் ஆச்சு. இந்த வருஷம் மூணே நாள்! எப்படின்னு கேளுங்க. முன்னாடி ரிப்பேர் முடிஞ்சாத்தான் முடிஞ்சதுன்னு வச்சிருந்தோம். பழைய சிந்தனை! இப்ப நம்ம ஆள் உங்க வாசலுக்கு வந்து மணியடிச்சுட்டா நம்ம பங்கு முடிஞ்சது. கதவைத் திறக்கறது உங்க பங்கு. அடுத்தது செலவு. நம்ம ரிப்பேர் செலவை ரெண்டு மாசம் உக்காந்து ஆராய்ஞ்சோம். அதுல பெரும் பங்கை எது சாப்பிடுதுன்னு கண்டுபிடிச்சோம்." ஒரு கணம் நிறுத்தினார். "ரிப்பேர்தான்!"

சிலர் கை தட்டினார்கள். ஏன் தட்டினோம் என்று பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குடியிருப்பாளர்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு பேர் திருப்தியா இருக்காங்க" என்று தொடர்ந்தார் பிலிப்பா. "அதுல எண்பத்தொன்பது பேர் நாம அனுப்பின கேள்விக்கு பதிலே போடல. கோபமா இருந்திருந்தா போட்டிருப்பாங்க இல்லையா?"

முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டிய லென்னுக்கு இது புதிதாக இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டு, 'யாரும் கை காட்டவில்லை, எல்லாரும் வீட்டில் சந்தோஷமாக இருக்கிறார்கள்' என்று எழுதிக்கொடுக்கலாம் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. சாண்ட்விச் ஒன்றைக் கைக்குட்டைத்தாளில் சுற்றி மேவிஸுக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தால் கதவிடுக்கில் ஓர் அட்டை. 'வந்தோம். நீங்கள் இல்லை. வேலை முடிந்தது. நன்றி!'

மேவிஸ் மாடிப்படியின் ஆறாவது படியில் உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் நீலம் பாரித்து. "மணி அடிச்சாங்க லென். வர்றேன் வர்றேன்னு கத்தினேன். கத்தினா நடக்க மூச்சில்ல, நடந்தா கத்த மூச்சில்ல."

மாடி வீட்டின் வாசற்கதவு தெருமட்டத்தில் இருக்கிறது. பதினான்கு படி. மேவிஸ் இறங்கி வர நான்கு நிமிடம். வேலைக்காரரின் கைப்பொறி அவருக்குக் கொடுப்பது இரண்டு நிமிடம். அதற்குப் பிறகு அதுவாகவே அட்டையை அச்சடித்துவிடும். சுவர் ஈரத்தால் மூச்சு முட்டுகிறது, மூச்சு முட்டுவதால் கதவு திறக்க நேரமாகிறது, நேரமாவதால் சுவர் ஈரமாகவே இருக்கிறது. குழாயோ வெளியே தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஆனாலும் வேலை தொடங்குமுன் கைப்பொறியில் குடியிருப்பாளர் கையெழுத்துப் போட வேண்டுமே!

லென் தொலைபேசியில் கெய்லியைப் பிடித்தார். "அம்மாடி, செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு மட்டும் வேணாம். உங்க கூட்டத்துக்குத்தான் நான் அப்ப வர்றேன்."

"உங்க பகுதிக்குச் செவ்வாய் ரெண்டு மணிதான் சார்."

"அப்ப கூட்டத்துக்கு வராம இருந்துடறேன்."

"வரலைன்னா ஒத்துழையாமைன்னு எழுதுவாங்க சார். ஒத்துழைக்காதவங்க வீட்டுக்கு ரிப்பேர் கடைசியில."

அடுத்த மாதமும் அதே. அதற்கடுத்த முறையும் அதே. அந்த மூன்றாம் முறை, வீட்டில் ஆள் இல்லை என்பதற்குச் சாட்சியாக வேலைக்காரர் எடுத்த வாசற்கதவின் படத்தையும் கடிதத்தோடு அனுப்பிவைத்தார்கள். கதவின் மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் உருவமும், கண்ணாடியில் பதிந்த ஓர் உள்ளங்கையும் பளிச்சென்று தெரிந்தன.

"அது என் பொண்டாட்டி கை!" என்று தொலைபேசியில் கத்தினார் லென். கத்திப் பழக்கமில்லாததால் குரல் உடைந்தது.

கெய்லி தன் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "தெரியுது சார். ஆனா கதவு மூடித்தானே இருக்கு?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் ஒண்ணும் பண்ண முடியாது சார். என்னை மன்னிச்சிடுங்க. எங்கம்மா வீட்டுலயும் இதேதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த வாரக் கூட்டத்தில் ஆண்டறிக்கையை எந்தத் தாளில் அச்சடிப்பது என்று இரண்டு மணி நேரம் விவாதம். ஏழு வகைத் தாளைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். வாக்கு சரிசமமாகப் பிரிந்துபோய், முடிவு லென் கையில் வந்து நின்றது.

"லென், இது கொஞ்சம் விலை கூட. ஆனா பிளாஸ்டிக் பூச்சு" என்றார் பிலிப்பா. "டீ கொட்டினாலும் ஊறாது. பத்து வருஷம் மழையில கிடந்தாலும் ஒரு சொட்டு உள்ள போகாது. நம்ம குடியிருப்பாளர்களுக்குத் தரமானதைத்தானே கொடுக்கணும்?"

லென்னுக்கு வீட்டு ஞாபகமாகவே இருந்தது. சொட்டு உள்ளே போகாது என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கை தானாக உயர்ந்துவிட்டது.

அன்று வீடு திரும்பியபோது மேவிஸ் இருமிக்கொண்டிருந்தாள். இருமி முடித்துக் கைக்குட்டையைப் பார்த்து, அவர் பார்க்குமுன் மடித்து வைத்துக்கொண்டாள். லென் பார்த்துவிட்டார். முறையாவது மண்ணாங்கட்டியாவது என்று வாய்விட்டே சொன்னார். நேராகக் கடைக்குப் போனார். சங்கத்துக் கறுப்பு நிறத்தில் இணைப்பு கிடைக்கவில்லை, சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. பதினொரு பவுண்டு. ஜாவித் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அறுபத்தேழு வயதில் தானே ஏறினார். இருபது நிமிடத்தில் இறங்கினார்.

"அஞ்சு நிமிஷ வேலைன்னு சொன்னேனே அங்கிள்" என்றார் ஜாவித்.

"நான் பஸ் டிரைவர்டா. நிறுத்தி நிதானமாத்தான் போவேன்."

இரண்டு வாரத்தில் சுவர் காய்ந்தது. லென் பூஞ்சையைத் தேய்த்துக் கழுவி வெள்ளையடித்தார். மேவிஸ் படுக்கைக்குத் திரும்பினாள். முதல் நாள் காலை ஒன்பது மணி வரை தூங்கினாள். லென் டீயைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கையறை வாசலில் நின்று அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தார். டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

அப்போதுதான் கடிதம் வந்தது. பதினான்கு, ஆல்மா தெரு, எவரிந்தாவின் 'இந்த ஆண்டின் மதிப்புமிக்க வீடு'! ஆறாயிரம் வீடுகளிலும் இதுவொன்றில்தான் மூன்று வேலைகள் எடுக்கப்பட்டு, மூன்றும் முதல் வருகையிலேயே முடிந்து, பொருட்செலவு சுத்தமாக இல்லாமல் இருந்ததாம்.

பிலிப்பா புகைப்படக்காரரோடு வந்தார். கூடவே பிராட்பென்டும் வந்து மூலையில் நின்றார். காய்ந்த சுவரைப் பார்த்ததும் பிலிப்பாவுக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

"பாருங்க, ஒரு தாள்! வெறும் ஒரு துண்டுத்தாள் என்ன பண்ணியிருக்குன்னு பாருங்க! மேவிஸ், நீங்க மூச்சு விடற முறையையே மாத்திக்கிட்டீங்க இல்ல?"

"நான் எப்பவும் போலத்தான் விடறேன்" என்றாள் மேவிஸ்.

மேவிஸின் தோளில் கைபோட்டுச் சுவரருகே நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். மூச்சு நன்றாக வந்துகொண்டிருந்ததால் மேவிஸும் சிரித்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். லென்னின் நேர்மைதான் சனியன் மாதிரி குறுக்கே வந்தது.

"தப்பா நினைக்காதீங்க. தாள்னால காயல" என்றார். "குழாயை நான்தான் மாத்தினேன்."

பிலிப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நான்கு மாதத்தில் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் அந்தக் குழாயைக் கண்ணால் பார்த்தது அதுவே முதல் தடவை.

"சாம்பல் கலர்" என்றார் மெல்ல.

"கறுப்பு கிடைக்கலைங்க."

"லென், லென்…" பிலிப்பா வருத்தத்தோடு தலையசைத்தார். "நான் ரொம்ப மதிக்கிறவர் நீங்க. ஆனா ஆறாயிரம் குடியிருப்பாளரும் இப்படி அவங்கவங்களே சரி பண்ணிக்க ஆரம்பிச்சா, அப்புறம் நாங்க எதுக்கு?"

அது நியாயமான கேள்விதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, செவ்வாய்கூட இல்லை, வியாழன், இரண்டு ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். அன்றைக்குப் பார்த்து லென் ரொட்டி வாங்கப் போயிருந்தார். மேவிஸ் இறங்கி வர நான்கு நிமிடம் ஆயிற்று. அவர்கள் காத்திருந்தார்கள். "மெதுவா வாங்கம்மா, எவ்வளவு நேரமானாலும் பரவால்ல. அவசர வேலைன்னு போட்டிருக்கு" என்று கண்ணாடி வழியே தைரியம் சொன்னார்கள். ஒருவர் அவள் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட உதவினார். பிறகு ஏறி, அனுமதியின்றிப் பொருத்தப்பட்ட சாம்பல் இணைப்பைப் பக்குவமாகக் கழற்றி, பழைய வெடித்த இணைப்பைக் குப்பைத்தொட்டிக்குப் பின்னாலிருந்து தேடியெடுத்து, இருந்தபடியே மாட்டிவிட்டு, கீழே சிந்திய தூசியைக்கூடக் கூட்டிவிட்டுப் போனார்கள். புதுக் குழாய் வேண்டுமென்றால் அது தனி வேலை, கூப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். சங்கம் இத்தனை சுத்தமாகச் செய்த வேலையை ஆல்மா தெரு அதுவரை பார்த்ததில்லை.

மழை சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை மேவிஸ் நாற்காலிக்குத் திரும்பினாள். லென் கோபத்தோடு பாத்திரம் கழுவி இரண்டு கோப்பைகளை உடைத்தார்.

புதன்கிழமை வாசலில் ஒரு கனமான பெட்டி வந்து இறங்கியது. ஆண்டறிக்கை, நாற்பது பிரதி. குழு உறுப்பினர் என்ற முறையில் தெருவில் விநியோகிக்க வேண்டுமாம். அட்டையில் பிலிப்பாவும் மேவிஸும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் சிரித்தார்கள். 'நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் செய்தோம்!'

"நான் நல்லாத்தான் இருக்கேன் அதுல" என்று சொல்லிவிட்டு மேவிஸ் இரும ஆரம்பித்தாள். கையிலிருந்த டீ அறிக்கை மேல் கொட்டியது.

லென் துணியோடு ஓடி வந்தார். துடைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். டீ முத்து முத்தாக உருண்டு ஓடியது. பிலிப்பாவின் முகத்தில் ஒரு சொட்டு ஒட்டவில்லை. பக்கத்தைப் புரட்டினார், உள்ளே சுத்தமாகக் காய்ந்திருந்தது. ஒரு பிரதியைச் சுருட்டிப் பார்த்தார். வளைந்தது, உடையவில்லை.

"ஜாவித்!" என்று படியிலிருந்தே கூப்பிட்டார். "ஏணி எங்க?"

ஏழு பிரதிகள். ஒன்றன்மேல் ஒன்றாக உடைப்பைச் சுற்றி இறுக்கி, மேவிஸின் பழைய நைலான் காலுறைகளால் மேலும் கீழும் கட்டினார். எட்டாவதை அட்டை வெளியே தெரியும்படி மேலே போர்த்தினார். ஜாவித் கீழிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கூரையோர வடிகாலில் ஊற்றக் கொடுத்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எவரிந்தாவிடமிருந்து அந்த வீட்டுக்கு உருப்படியாக வந்த முதல் பொருள் அதுதான்.

பத்து நாளில் பிராட்பென்ட் சோதனைக்கு வந்தார். தெருவில் நின்று, இந்த முறை வேறு வழியில்லாமல், நிமிர்ந்து பார்த்தார். மாடி உயரத்திலிருந்து இயக்குநர் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அனுமதியில்லாத பொருளா சார் இது?" என்று கைப்பொறியைத் தட்டிக்கொண்டே முணுமுணுத்தார்.

"உங்க சங்கத்துப் பொருள்தான்" என்றார் லென். "பின்னட்டையைப் பாருங்க. 'எவரிந்தாவின் சொத்து. சேதப்படுத்தவோ அகற்றவோ கூடாது'ன்னு போட்டிருக்கு. என்னை விநியோகம் பண்ணச் சொன்னாங்க. பண்ணியிருக்கேன்."

பிராட்பென்ட் பொறியிலிருந்த பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக லென்னின் முகத்தை நேராகப் பார்த்து, ஏதோ ஒன்றை அமுக்கினார். 'தகவல் பலகை, வெளிப்புறம். நல்ல நிலை.'

"தகவல் பலகைன்னா ஒரு விதி இருக்கு சார்" என்றார் போகும்போது. "வருஷா வருஷம் ஜனவரியில எங்க ஆளே வந்து புது அறிக்கை மாத்திட்டுப் போவாரு. அதுக்குக் கையெழுத்து வேணாம். மணியும் அடிக்க மாட்டாங்க."

மார்ச் மாதம் மேவிஸ் மறுபடி படுக்கைக்குப் போனாள். ஒரு பிற்பகல், வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அவள் முழுதாக ஒரு மூச்சை இழுத்து, முழுதாக விட்டு, போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்: "வெளியில என்ன லென் படபடன்னு சத்தம்?"

லென் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "பிலிப்பாதான். மழையில நனையறா."

"நல்லா நனையட்டும்" என்றாள் மேவிஸ். "நீ ஜன்னலைச் சாத்து."